ஸ்டோரிவீவரின் தமிழ்க் கதைகள்: ஒன்றாம் வகுப்புக்கு எதை எடுப்பது, எதை விடுவது

வகுப்பறை நூலகம் வைக்க நினைக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் ஸ்டோரிவீவருக்கு எப்படியும் ஒருநாள் வந்து சேர்வார்கள். கூகுளில் தேடினாலும் வரும், வாட்ஸப் குழுவிலும் யாராவது பகிர்வார்கள். பெங்களூரில் இயங்கும் பிரதம் புக்ஸ் என்ற லாப நோக்கமற்ற குழந்தை நூல் பதிப்பகம் 2015 செப்டம்பர் 8, உலக எழுத்தறிவு நாளன்று திறந்துவைத்த இணையதளம் இது. படக்கதைகள், 300க்கும் மேற்பட்ட மொழிகளில். படிக்கவும் பதிவிறக்கவும் காசு கிடையாது. தமிழ் அலமாரியும் பெரியதுதான்.

இந்த மதிப்புரை அந்தத் தமிழ் அலமாரியைப் பற்றி மட்டும். அதிலும் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை, அச்செடுத்துப் பிள்ளைகள் கையில் கொடுக்கும் உபயோகத்துக்கு. திரையில் போட்டுக் காட்டுவதென்றால் கணக்கு வேறு.

ஒரே வரியில் கேட்டால்: படங்களுக்கும் உரிமத்துக்கும் முழு மதிப்பெண், கதை எவ்வளவு கடினம் என்று சொல்லும் நிலை எண்ணுக்குப் பாஸ் மார்க் கூட இல்லை.

நிலை எண் ஏன் தமிழில் காலை வாருகிறது

ஒவ்வொரு கதைக்கும் 1 முதல் 4 வரை ஒரு நிலை கொடுத்திருக்கிறார்கள். அளவுகோல், பெரும்பாலும் சொற்களின் எண்ணிக்கை. முதல் நிலை ஏறக்குறைய 250 சொல்லுக்குள், இரண்டாவது 600 வரை, மூன்றாவது 1500 வரை, அதற்கு மேலே போனால் நான்கு. ஆங்கிலத்துக்கு இது ஓரளவு ஓடும். தமிழில் ஓடாது. நம் மொழியில் சொல் ரயில் பெட்டி மாதிரி. ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போகலாம்.

இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். இவை எந்தக் கதையிலிருந்தும் எடுத்தவை அல்ல, மாதிரிக்காக எழுதியவை.

மாடு வந்தது. ஆடு வந்தது. கோழி வந்தது.

அம்மா சமைத்துக்கொண்டிருந்தபோது மழை பெய்யத்தொடங்கிவிட்டது.

முதல் வரிசையில் ஆறு சொல். அடுத்ததில் நாலே சொல். எண்ணிப் பார்த்தால் இரண்டாவதுதான் 'சுலபம்'. ஆனால் 'சமைத்துக்கொண்டிருந்தபோது' என்பதில் மட்டும் 13 எழுத்து, அதில் நான்கு புள்ளி எழுத்து, நடுவில் ஒரு 'கொ', கடைசிக்கு முன்னால் ஒரு 'போ'. எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தை 'போ'வுக்கு வந்து சேரும்போது 'ச' எங்கோ போயிருக்கும். கொஞ்சம் கெட்டிக்காரக் குழந்தையாக இருந்தால் 'சமை' வரை படித்துவிட்டு 'சமையல்' என்று ஊகித்துச் சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குத் தாவிவிடும். படத்தில் அம்மா அடுப்படியில் நிற்பதால் ஆசிரியருக்கும் அது சரியாகப் படித்த மாதிரியே கேட்கும். இந்த ஊகம் பழக்கமாகிவிட்டால் மூன்றாம் வகுப்பில் அதைக் கழற்றுவது பெரும்பாடு.

ஆகவே எண்ணைப் பார்த்து மொத்தமாக இறக்காதீர்கள். கதையைத் திறந்து, அட்டையையும் முதல் பக்கத்தையும் விட்டுவிட்டு (முதல் பக்கம் எப்போதும் எளிதாகத்தான் தொடங்கும்) நடுவிலிருந்து மூன்று பக்கங்களைப் பாருங்கள். பக்கத்தில் மிக நீளமான சொல் எது? அதில் எத்தனை எழுத்து? தமிழ்நாட்டு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று படி உண்டு. முதல் படியான அரும்பு நிலையில் இருக்கும் பிள்ளைக்கு அது ஐந்தைத் தாண்டக் கூடாது. மொட்டுக்கு ஏழு, எட்டு வரை தாங்கும். மலர் நிலைப் பிள்ளைக்கு நீளம் பிரச்சினையில்லை, அங்கே வாக்கியத்தின் பின்னல்தான் பார்க்க வேண்டியது. இது கறாரான சூத்திரம் இல்லை, கைக்கணக்கு. ஆனால் நிலை எண்ணைவிட நம்பலாம்.

அடுத்து, இரட்டித்த ஒற்றுகளும் மெய்ம்மயக்கமும் (வெவ்வேறு மெய்கள் அடுத்தடுத்து வருவது). 'பட்டம்', 'பந்து' எல்லாம் சரி. 'அவர்களுக்கெல்லாம்' என்று வந்தால் யோசியுங்கள். மூன்றாவதாகப் பெயர்கள். இந்தியிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் வந்த கதைகள் நிறைய என்பதால் ஷ், ஸ், ஹ, ஜ எல்லாம் கதாநாயகியின் பெயரிலேயே உட்கார்ந்திருக்கும். கதை முழுக்க எளிய சொற்கள், ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் அந்தப் பெயர். கிரந்த எழுத்து இன்னும் அறிமுகமாகாத குழந்தை ஒவ்வொரு பக்கத்திலும் அதே கல்லில் இடறும். இதற்கு வைத்தியம் எளிது. வாசிக்கக் கொடுப்பதற்கு முன்பே அந்தப் பெயரைப் பலகையில் எழுதி, பத்து முறை வகுப்போடு சேர்ந்து சொல்லிவிடுங்கள். அதன்பிறகு அது எழுத்தாக இல்லாமல் ஓர் உருவமாகவே குழந்தைக்குப் பிடிபட்டுவிடும்.

தேட வேண்டிய நல்ல குணம் ஒன்று உண்டு: திரும்பத் திரும்ப வரும் வரி. பக்கத்துக்குப் பக்கம் ஒரே வாக்கியம், ஒரு சொல் மட்டும் மாறும். பெரியவர்களுக்கு அலுப்பாக இருக்கும். ஆறு வயதுக்கு அதுதான் தேன். மூன்றாம் பக்கத்துக்குள் வாக்கியம் மனப்பாடம், நான்காம் பக்கத்திலிருந்து மாறும் அந்த ஒரு சொல்லை மட்டும் படித்தால் போதும். 'நானே ஒரு புத்தகம் முழுசா படிச்சேன்' என்று குழந்தை வந்து சொல்வது பெரும்பாலும் இந்த வகைப் புத்தகத்தோடுதான்.

மொழிபெயர்ப்பு

தளத்தில் யார் வேண்டுமானாலும் கணக்கு தொடங்கி எழுதலாம், மொழிபெயர்க்கலாம். அதனால்தான் அலமாரி இவ்வளவு பெரியது. தரம் மேடும் பள்ளமுமாக இருப்பதற்கும் அதுவே காரணம். தேடலில் பதிப்பாளர் பெயரை வைத்து வடிகட்ட முடியும். பிரதம் புக்ஸ் தானே வெளியிட்ட கதைகளுக்குப் பதிப்பாசிரியர் கை பட்டிருக்கும், அங்கிருந்து தொடங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும். எனினும் தன்னார்வலர் மொழிபெயர்ப்பு என்பதாலேயே ஒதுக்கிவிட வேண்டாம். குழந்தையோடு பேசிப் பழகியவர் எழுதியிருந்தால் இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

தெரிவது எப்படி? ஒவ்வொரு வாக்கியமும் 'அவள்', 'அவள்' என்று தொடங்கினால் அது ஆங்கில வாக்கியத்தின் எலும்பு. தமிழில் வினைமுற்றே ஆள் யாரென்று சொல்லிவிடும். நாய் 'வவ் வவ்' என்று குரைக்கிறதா 'லொள் லொள்' என்று குரைக்கிறதா? மழை 'சோ'வென்று பெய்கிறதா, வெறுமனே பெய்கிறதா? பேச்சு வரிகளில் 'நீ எங்கே செல்கிறாய்?' என்றிருந்தால் பரவாயில்லை, 'எங்கே போகிறாய்?' என்றிருந்தால் நல்லது. குழந்தை வீட்டில் 'எங்க போற' என்று கேட்டுப் பழகியது. 'போகிறாய்' அதற்கு ஒரு தாவல் தூரம். 'செல்கிறாய்' என்றால் இரண்டு தாவல். வாசித்துக் காட்டும்போது ஆசிரியர் பேச்சு வரிகளைப் பேச்சுத் தமிழிலேயே சொல்லிவிடலாம், ஆனால் விரல் வைத்துச் சேர்ந்து வாசிக்கும் புத்தகத்தில் அச்சில் இருப்பதைத்தான் வாசிக்க வேண்டும். வாயில் ஒன்று, தாளில் ஒன்று என்றானால் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவே குழந்தைக்குக் குழம்பும்.

மூலத்தில் எதுகை மோனையோடு பாட்டாக இருந்த கதைகள் தமிழில் பெரும்பாலும் உரைநடையாக நொண்டும். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இவற்றை விட்டுவிடலாம். பனி மலை, மோமோ, கம்பளி அங்கி என்று வேற்றூர்ச் சங்கதிகள் வருவதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். அது குறையே இல்லை. படம் பக்கத்திலேயே இருக்கிறது. பாடப்புத்தகத்தில் வராத ஊரைக் கதையில்தானே பார்க்க வேண்டும்.

எளிதாக்கிக்கொள்ளும் உரிமை

இந்தத் தளத்தின் ஆகப்பெரிய வசதி இதுதான். ஏனோ பலரும் இதைத் தொடுவதில்லை. கதைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் பை 4.0 என்ற உரிமத்தில் வருகின்றன. நகலெடுக்கலாம், மாற்றலாம், மொழிபெயர்க்கலாம். எழுதியவர், வரைந்தவர், உரிமம் ஆகிய விவரங்களைக் குறிப்பிட வேண்டும், மாற்றியிருந்தால் மாற்றியதாகச் சொல்ல வேண்டும், அவ்வளவே. காப்புரிமை முடிந்த பழைய கதைகள் சிலவற்றின் உரிமம் வேறாக இருக்கலாம் என்பதால் ஒவ்வொரு கதையின் கடைசிப் பக்கத்திலும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கணக்கு தொடங்கி உள்ளே போனால், கதைப் பக்கத்திலேயே நிலையை மாற்றி எழுதும் வசதி இருக்கிறது. படங்கள் அப்படியே நிற்கும், உரையை மட்டும் பக்கம் பக்கமாகத் திருத்தலாம். மேலே சொன்ன வாக்கியத்தையே எடுத்துக்கொண்டால்:

அம்மா சமைத்தாள். சோ... மழை வந்தது.

கதை ஒன்றும் கெடவில்லை. நீளமான எச்சத்தை முடித்து முற்றாக்கு, 'கொண்டிருந்த', 'விட்டது' போன்ற துணைவினைகளை எடு, புணர்ச்சியைப் பிரித்து எழுது ('அவளுக்கொரு' வேண்டாம், 'அவளுக்கு ஒரு'). இந்த மூன்று வேலையில் பாதிக் கடினம் போய்விடும். ஒன்றில் மட்டும் கவனம்: பிரிக்கும் ஆசையில் வல்லின ஒற்றை விட்டுவிடாதீர்கள். 'பழத்தைப் பார்த்தான்' என்பதில் அந்தப் 'ப்' இருக்கட்டும். கடினமென்று கழித்த ஒற்றுகளை நான்காம் வகுப்பில் பிழைதிருத்தமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும்.

கணினியில் உட்கார நேரமில்லை என்றால் இன்னும் எளிய வழி உண்டு. அச்செடுத்த பிரதியில் உரைப் பகுதியின் மேல் வெள்ளைத் தாள் துண்டை ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவால் எளிய வரியை எழுதுங்கள். கையெழுத்துப் புத்தகத்தைப் பிள்ளைகள் குறைத்து மதிப்பதில்லை. 'மிஸ் எழுதின புக்கு' என்று முதலில் அதற்குத்தான் சண்டை.

ஜெராக்ஸ் கடையில் நடக்கும் தவறுகள்

பிடிஎஃப் கிடைக்கிறது, அச்செடுத்தால் புத்தகம் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். முதலில் பக்கம் எந்தப் பக்கமாகப் படுத்திருக்கிறது என்று பாருங்கள். நிறையக் கதைகள் கிடைமட்டப் பக்கம், சில செங்குத்து. செங்குத்துக்குக் கவலையில்லை, கடைக்காரர் வழக்கமாகப் போடும் 'புக்லெட்' முறையே போதும், நடுவில் மடித்துப் பின் அடித்துவிடலாம். கிடைமட்டப் பக்கத்தை அதே முறையில் போட்டால் ஏ4 தாளின் பாதி அகலத்துக்குள் படம் சுருங்கி, மேலும் கீழும் வெள்ளை வெள்ளையாக நிற்கும். எழுத்து எறும்பாகிவிடும். 'கெ', 'கே' வேறுபாடு இருப்பதே அந்தக் கொம்பின் சுழியில்தான். எழுத்து சிறுத்து மை பரவினால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஒன்றாகிவிடும். குழந்தை தப்பாகப் படிக்கிறது என்று நாம் திட்டிக்கொண்டிருப்போம், குற்றவாளி அச்சாக இருக்கும்.

கிடைமட்டக் கதைக்கு ஏ4 தாளை நிற்கவைத்து, மேலே ஒரு பக்கம், கீழே ஒரு பக்கம் என இரண்டு போட்டு, நடுவில் வெட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் 21 செ.மீ. அகலம், 14.8 செ.மீ. உயரம் வரும். ஒருவர் கையில் பிடித்துப் படிக்க அது போதும். இருபுறமும் அச்செடுப்பதாக இருந்தால் வரிசையில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. 1, 2 முன்பக்கம், 3, 4 பின்பக்கம் என்று நேராகப் போட்டு வெட்டினால் ஒரு துண்டில் 1ம் 3ம், மறு துண்டில் 2ம் 4ம் வந்து நிற்கும். முன்பக்கம் 1, 3, பின்பக்கம் 2, 4 என்று வர வேண்டும். அதாவது பக்கங்களை 1, 3, 2, 4, 5, 7, 6, 8 என்று அடுக்கிய பிறகே அச்சுக்குக் கொடுக்க வேண்டும். தாள் திரும்புவது நீள விளிம்பில் இருக்கட்டும், இல்லையென்றால் பின்பக்கம் தலைகீழாக வரும். இந்த முறையில் 16 பக்கக் கதைக்கு நான்கே தாள். வரிசை மாற்றும் தலைவலி வேண்டாமென்றால் ஒருபுறம் மட்டும் அச்செடுங்கள். எட்டுத் தாள் ஆகும், தவறு வராது.

தாள் 70 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) என்றால் பின்பக்கப் படம் முன்னால் தெரிந்து எழுத்தோடு மல்லுக்கட்டும். 100 ஜிஎஸ்எம் கேளுங்கள். அளவை 92 சதவீதமாகச் சுருக்கினால் இரண்டு ஓரத்திலும் 8 மில்லிமீட்டர் வெள்ளை கிடைக்கும். இடப்பக்க வெள்ளையில் மூன்று பின் அடிக்கலாம், எழுத்து மறையாது. பின்னின் கால்களைச் சுத்தியலால் தட்டி மட்டமாக்கி, அதன்மேல் துணி டேப் சுற்றிவிடுங்கள். செல்லோ டேப் வெயிலில் மஞ்சளாகி உரிந்துவிடும். உரிந்த இடத்தில் பின் விரலைக் குத்தும். லேமினேஷன் அட்டைக்கு மட்டும் போதும். உள்பக்கங்களுக்கும் போட்டால் புத்தகம் விறைத்துப்போய்ப் பிரியாது, டியூப்லைட் வெளிச்சம் பட்டுக் கண் கூசும்.

கறுப்பு வெள்ளையில் எடுத்துச் செலவைக் குறைக்கலாமா? எடுக்கலாம், ஆனால் கதை பார்த்து. உரை தனியாக வெள்ளைப் பட்டையில் இருக்கும் கதைகள் நன்றாகவே வரும். இரவுக் காட்சி, அடர்ந்த காடு என்று படத்தின் மேலேயே எழுத்து ஓடும் கதைகள் கறுப்பில் மூழ்கிவிடும். முழுதும் எடுப்பதற்கு முன் ஆக இருண்ட ஒரு பக்கத்தை மட்டும் அச்செடுத்துப் பாருங்கள்.

வகுப்பில்

முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு நாற்பது தலைப்பு இருந்தால் தாராளம். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொங்கவிடாதீர்கள். ஒரு நைலான் கொடி, துணி கிளிப், பிள்ளைகளின் தோள் உயரம். அட்டை முகம் தெரியும்படி பதினைந்து மாட்டி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏழெட்டை மட்டும் மாற்றினால் கொடி பழசாகாது. முதுகு மட்டும் தெரிகிற அலமாரியிலிருந்து ஆறு வயதுக் குழந்தை புத்தகம் எடுக்காது, பூட்டிய பீரோவிலிருந்து யாருமே எடுக்க முடியாது.

வாசித்துக் காட்ட வேண்டிய கதையும் பிள்ளைகள் தாமே வாசிக்க வேண்டிய கதையும் வேறு வேறு. காதுக்கு மூன்றாம் நிலை வரை போகலாம், ஏனென்றால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கேட்டுப் புரியும் தமிழ் படித்துப் புரியும் தமிழைவிடப் பல மடங்கு. பத்துப் பன்னிரண்டு நிமிடம், தினமும் ஒரே நேரம். மதிய உணவுக்குப் பிறகான முதல் பாடவேளை பொருத்தமானது. கதையை முன்கூட்டி ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு வாருங்கள், எங்கே நிறுத்த வேண்டுமென்று அப்போதுதான் தெரியும்.

தாமே வாசிக்கும் புத்தகம் பொருந்துகிறதா என்று பார்க்க ஐந்து விரல் சோதனையைச் சொல்வார்கள்: ஒரு பக்கத்தில் தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் மடக்கு, ஐந்தும் மடங்கினால் புத்தகம் கடினம். பக்கத்துக்கு எட்டுச் சொல் இருக்கும் தமிழ்க் கதையில் ஐந்து விரல் மடங்குவதற்குள் குழந்தை அழுதுவிடும். பத்துச் சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் தடுக்கினால் அதை அன்றைக்கு நீங்கள் வாசித்துக் காட்டும் புத்தகமாக மாற்றிக்கொள்ளுங்கள். பறித்து வைத்துவிடக் கூடாது, அது அந்தக் குழந்தை தேர்ந்தெடுத்தது.

படித்து முடித்ததும் 'இந்தக் கதையின் நீதி என்ன?' என்று கேட்கும் வழக்கத்தை இரண்டு மாதத்துக்கு ஒதுக்கிவையுங்கள். எந்தப் பக்கம் பிடித்தது, அதை எடுத்துக் காட்டு என்று கேட்டால் போதும். காட்டும் சாக்கில் அந்தப் பக்கத்தை மறுபடி படித்துவிடும். பதிவேட்டிலும் சுருக்கம் எழுதச் சொல்ல வேண்டாம். புத்தகத்தின் பெயர், ஒரு சின்னப் படம், அவ்வளவுதான்.

வேறு என்ன இருக்கிறது

அரசுப் பள்ளி என்றால் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களும் ஊஞ்சல் என்ற சிறுவர் இதழும் கையில் இருக்கும். வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படி வைத்திருக்கிறது. தமிழிலேயே யோசித்து வைத்த படிகள் என்பதால் அரும்புப் பிள்ளையின் முதல் புத்தகத்துக்கு அதுவே மேல். ஸ்டோரிவீவரின் பலம் அதற்கு அடுத்த கட்டத்தில்: படிக்கத் தெரிந்துவிட்ட பிள்ளை அடுத்து என்ன, அடுத்து என்ன என்று கேட்கும்போது அலமாரி காலியாகாமல் இருப்பதற்கு. அச்செடுக்கும் வேலையே வேண்டாம் என்றால் பிரதம் புக்ஸின் அச்சுப் புத்தகங்களையே வாங்கலாம். அட்டையும் நிறமும் ஜெராக்ஸில் வராத அளவுக்கு நன்றாக இருக்கும். ஒன்றிரண்டு பிரதி போதுமென்றால் அதுவே லாபம்.

முதல் தவணையாக இருபது கதை போதும். சொல்லே இல்லாத படக்கதை மூன்று (எழுத்து வராத பிள்ளையும் புத்தகத்தைப் புரட்டிக் கதை சொல்லும்), வரி திரும்ப வரும் கதை எட்டு, சிரிப்பு வருவது ஐந்து, எறும்பு, மழை, உடம்பு என்று உண்மைச் செய்தி சொல்வது நான்கு. கடைசி வகையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கதை பிடிக்காத பையன் எறும்பைப் பற்றிய புத்தகத்தை விடமாட்டான்.

இன்னொன்று: தாள் மிச்சம் பிடிக்க கடைசிப் பக்கங்களை விட்டுவிட்டு அச்செடுக்கச் சொல்வார்கள். எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயரும் உரிமமும் அங்கேதான் இருக்கின்றன. அதை எடுக்காமல் விட்டால் உரிமத்தின் ஒரே நிபந்தனையையும் மீறியதாகும். நான்கு தாள் கணக்கில் இடிக்கிறதென்றால் அந்த விவரங்களைப் பின்னட்டையின் உள்புறம் கையால் எழுதி வையுங்கள், ஸ்கெட்ச் பேனாவில் எளிதாக்கிய பிரதியானால் 'உரை மாற்றப்பட்டது' என்ற வரியும் சேர்த்து.